நான் எழுதிய அங்க அடையாளம்

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் நீலகிரியில் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகக் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த வருஷங்களில், ஒரு டிசம்பர் மாதம், பிக்கட்டியைத் தாண்டியுள்ள ஒரு தோட்டத்தில், நான் சுமார் ஒன்றரை மணி நேரம் பிள்ளை பிடிப்பவனாகப் பதவி வகித்தேன். அதற்கு முன்பும் பின்பும் நான் வகித்த எந்தப் பதவிக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அதைச் சொல்லி ஒருவரையும் நம்பவைக்க முடியவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் எட்டு வருஷம் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றதும் கதை, கவிதை என்று போய்விட வேண்டாம். கொழுந்தை நிறுத்து, ஆள் நம்பருக்கு நேரே கிலோவை எழுதுகிறவருக்கு எஸ்டேட்டில் அந்தப் பெயர். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் ஒரு நம்பர் இருக்கும். நான் நம்பரைக் கூப்பிடுவேன். அவர் வந்து கூடையை இறக்குவார். நான் தராசு முள்ளைப் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்த நம்பரைக் கூப்பிடுவேன். மழை நாளில் ஈரக் கழிவு என்று இரண்டு மூன்று கிலோ குறைத்து எழுதுவதும் உண்டு. எவ்வளவு ஈரம் என்று அளக்க எங்களிடம் கருவி கிடையாது. அன்றைக்கு என் மனநிலை எப்படியோ, கொழுந்து அப்படி நனைந்திருக்கும்.

பிறகு எஸ்டேட்டை மூடினார்கள். வேலையோடு குவார்ட்டர்ஸும் போனது. பெர்ன்ஹில்லில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மச்சான் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது உருப்படியாகச் செய் என்றார். நான் தமிழில் தொழில்நுட்பச் செய்தி இணையதளம் ஒன்றை ஆரம்பித்தேன். எட்டு வருஷத்தில் நான் கையால் தொட்ட ஒரே தொழில்நுட்பம் தராசு. ஆனாலும் எழுதினேன். ஊட்டிக்கே வராத போனைப் பற்றி 'கைக்கு அடக்கமாக இருக்கிறது' என்று எழுதினேன். நான் கேட்டே இராத ஒலியை 'துல்லியம்' என்று பாராட்டினேன். இங்கிலீஷில் நாலு இடத்தில் படித்து, ஐந்தாவது இடத்தில் இருந்து எழுதினால் அது சொந்தக் கருத்து என்பது அப்போது என் கொள்கை.

ஒரு நாளைக்கு முப்பது பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் நான்தான். ஊட்டியில் இருந்த பிரவுசிங் சென்டர்களில் எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். தளம் பெரிதாகத் தெரிய வேண்டுமே என்று 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் போட்டேன். அதில் சென்னையில் தலைமை அலுவலகம், ஐந்து பேர் கொண்ட ஆசிரியர் குழு. ஐந்து பேரும் நானே. தலைமை ஆசிரியர் என்று ஒரு படம் வேண்டியிருந்தது. என் முகத்தைப் போட்டுப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, கோட்டு போட்டுக் கைகட்டி நிற்கிற ஒரு மனிதரின் படத்தை வைத்துவிட்டேன். அவர் யாரோ, எந்த ஊரோ, நல்லா இருக்கட்டும்.

தளம் வளர்ந்த ரகசியம் இதுதான்: போனைப் பற்றி எழுதினால் முப்பது பேர் வந்தார்கள், போனில் வந்ததைப் பற்றி எழுதினால் மூவாயிரம் பேர் வந்தார்கள். வைரல் வீடியோ, பரபரப்புப் படம், குரூப் குரூப்பாகச் சுற்றுகிற ஃபார்வர்ட். அதையெல்லாம் 'சமூக வலைதளச் செய்திகள்' என்ற தலைப்பில் போட ஆரம்பித்ததும், என் தளம் மழைக்குப் பின் தேயிலைச் செடி மாதிரி துளிர்விட்டது. விளம்பரம் வந்தது. மச்சான் என்னை ஊருக்குள் 'மீடியாவுல இருக்காப்ல' என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

அப்படி ஒரு நாள்தான் அந்தப் படம் வந்தது. மங்கலாக, குல்லா போட்ட ஓர் ஆள். கீழே ஒரே ஒரு வரி: நீலகிரியில் பிள்ளை பிடிப்பவர் நடமாட்டம், உஷார். டிசம்பர் மாத மலையில் குல்லா போடாத ஆள் யார்? போட்டுக்கொண்டால் கலெக்டரும் கூலியாளும் ஒரே ஆள்தான். ஆனால் என் கவலை வேறு. ஒரு வரி செய்தியாகாது. மூன்று பத்தியாவது இருந்தால்தான் நடுவில் விளம்பரம் உட்கார இடம் கிடைக்கும். அதனால் அங்க அடையாளங்கள் தேவைப்பட்டன. எங்கே போவது? கம்ப்யூட்டர் கொஞ்சம் தூங்கிவிட்டிருந்தது. கறுத்த திரையில் என் உருவம் தெரிந்தது. பார்த்து எழுதினேன்: மெலிந்த உடல், கறுப்புக் குல்லா, தோளில் துணிப்பை. இன்னும் ஒரு பத்தி குறைந்தது. 'சாக்லேட் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். படம் எடுப்பது போல் நடிப்பார்' என்று சேர்த்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. விசாரித்தால் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், செய்தி போய்விடும். போடவில்லை.

நாலு நாள் கழித்து, அந்தச் செய்தியை நான் சுத்தமாக மறந்திருந்தேன். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து செய்தி எழுதியாகிவிட்டதே! வருகிற கூட்டத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கௌரவ ஆசை வந்திருந்தது. சொந்தமாக, நேரில் போய், படத்தோடு ஒரு கட்டுரை எழுத வேண்டும். 'லைன் வீடுகளில் ஸ்மார்ட்போன்' என்று தலைப்புக்கூட வைத்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி நாலு படம். பிள்ளைகள் சும்மா சிரிக்குமா? ஊட்டி மார்க்கெட்டில் அரைக் கிலோ சாக்லேட் வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். குளிராக இருந்தது, குல்லாவை மாட்டினேன். மஞ்சூர் பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்துக்குள் நடந்து, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளை அடைந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். பிள்ளைகள் எல்லாம் வீட்டு வாசலில் இருந்தார்கள். வேலை நேரத்தில் அம்மாக்களும் பலர் வாசலில் இருந்தார்கள். லீவு போலிருக்கிறது, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஒரு பிள்ளைக்குச் சாக்லேட் கொடுத்தேன். இன்னொன்றுக்குக் கொடுத்தேன். போனை எடுத்து இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவது எடுப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு கை என் காலரைப் பிடித்தது. முதல் தள்ளலில் போன் சாக்கடையில் விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றார்கள்.

நடுவில் நின்றவர் தோட்டத்து யூனியன் தலைவர். நம் கொங்குப் பக்கத்து மரியாதை குறையாத மனிதர்.

"ஏனுங்க, எந்த ஊருங்க?"

"ஊட்டிங்க. பெர்ன்ஹில்."

"இங்க ஆரைப் பாக்க வந்தீங்க?"

"ஆரையும் இல்லீங்க. சும்மா, புள்ளைகளைப் படம் எடுத்துட்டுப் போலாம்னு..."

என் வாழ்க்கையில் இதைவிட நேரம் கெட்ட வாக்கியத்தை நான் பேசியதில்லை. பின்னந்தலையில் ஒன்றும் கன்னத்தில் ஒன்றும் விழுந்தன. அதோடு அவர்கள் பேச்சில் இருந்த 'ங்க' போய்விட்டது.

தலைவர் தன் போனை எடுத்து, யாரோ அனுப்பியிருந்த ஒரு செய்தியைத் திறந்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி வாசித்தார். கேட் மீட்டிங்கில் கோரிக்கை வாசித்துப் பழகிய குரல். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் எழுத்தை ஒரு வாசகர் உரக்கப் படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

"ஒடம்பு மெலிஞ்சிருக்கும்னு போட்டிருக்கு."

"இருக்கு!" என்றது கூட்டம்.

"கறுப்புக் குல்லா?"

"இருக்கு!"

"துணிப்பை?"

"இந்தா!"

"சாக்லேட்டு?"

"புள்ளைக வாயில இருக்கு!"

"அண்ணா," என்று கத்தினேன், "அதை எழுதினதே நாந்தானுங்க! அந்த வெப்சைட்டு என்னுதுங்க!"

 ஒருத்தர் சிரித்தார். "அப்ப உன்னையப் பத்தி நீயே எழுதி வெச்சுட்டு வந்தியாக்கும்?"

யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அது உண்மை மாதிரி இல்லை.

தலைவர் நியாயமானவர். சரிபார்த்துவிடலாம் என்றார். நான் எழுதும்போது செய்யாத வேலை அது. அந்தத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே போய் என் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இதுல எடிட்டரு கோட்டு போட்டுட்டு நிக்கறாரு. ஆபீஸு சென்னைல. உள்ள அஞ்சு பேரு வேலை செய்யறாங்க. இதுல நீ ஆரு?"

"அதெல்லாம் சும்மா போட்டதுங்க."

"அப்ப எதைத்தான் சும்மா போடாம போட்டிருக்கே?"



என்னைக் கொழுந்து நிறுக்கிற ஷெட்டுக்குள் தள்ளி, தராசுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். எட்டு வருஷம் தராசுக்கு மேல் பக்கம் இருந்தவன். போலீஸ் மஞ்சூரில் இருந்து வர நேரமாகும் என்றார் ஒருவர். வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும் என்றார் இன்னொருவர். அவர் கையில் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தி இருந்தது. அவருக்குப் பின்னால், வாயில் சாக்லேட்டோடு அழுதுகொண்டிருந்த பிள்ளையை இடுப்பில் இறுக்கியபடி அவர் மனைவி நின்றார். அந்தக் கத்திக்காரருடைய கோபம் நடிப்பில்லை. இந்த இடத்தில் வேடிக்கையாக எழுத நானும் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. செத்துவிடுவோம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அப்போதுதான் தேயிலைக் காட்டில் இருந்து கொழுந்தோடு வந்த ஓர் அம்மாள், என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார். இலங்கைத் தோட்டத்தில் இருந்து இரு நாட்டு ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க. இது நம்ம பழைய ரைட்டரு மாதிரி இருக்குதே?"

"எந்த ரைட்டரு?" என்றார் கத்திக்காரர்.

"குன்னூருத் தோட்டத்துல, மூடுறதுக்கு முந்தி நாங்க இருந்தமே, அங்க நிறுத்தவரு."

"மாதிரின்னா? குல்லா போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்காங்க."

"அப்ப கேட்டுப் பாக்குறேன்." கூடையோடு வந்து என் முன்னால் நின்றார். "என்னோட நம்பரு என்னா? சொல்லுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. எட்டு வருஷத்தில் நான் முள்ளைத்தான் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை.  அந்த அம்மாள் பழக்க தோஷத்தில் கூடையைச் சரித்து இறக்கினார். இறக்கும்போது, தன்னையறியாமல், கழுத்தைத் திருப்பி மேலே தராசு முள்ளைப் பார்த்தார். எங்கள் எஸ்டேட்டில் அப்படிப் பார்க்கிறவர் ஒரே ஒருவர்தான். ரைட்டரை நம்பாமல் தானே முள்ளைப் படிக்கிறவர். எனக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"நூத்தி நாப்பத்தேழு!" என்றேன். கூப்பிடுகிற அதே குரலில் வந்தது.

அவர் தலையாட்டவில்லை. "மழைக்கு எனக்கு எத்தன கிலோ கழிப்பீங்க?"

"ரெண்டுங்க."

"பொய். மூணு."

"மூணுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் ரைட்டரிடம் கிலோவை இழக்காதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கத்தி கீழே இறங்கியது. 'விட்டுடலாமா அக்கா?' என்று யாரோ கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இவரு நல்லவருன்னு நான் சொல்லல்ல. புள்ள தூக்குற ஆளில்லன்னுதான் சொல்றேன். இவரு தூக்குறதெல்லாம் கிலோதான்."

அவரே யாரையோ அனுப்பி எனக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். பாலில்லாத சாயம், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. சீனியை நக்கிக்கொண்டே குடித்தேன். கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அந்த வெப்சைட் என்னுடையது என்று நான் கத்தியதை ஒருத்தரும் நம்பவில்லை. பயத்தில் உளறினான் என்றே நினைத்தார்கள். அவர்களுக்கு நான் பழைய ரைட்டர். அவ்வளவுதான்.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த கத்திக்காரர் மனைவி கேட்டார்: "அப்ப அந்த ஆளு எங்கதான் இருக்கான்? நாலு நாளா நான் வேலைக்குப் போகல்ல. புள்ளைய ஸ்கூலுக்கும் அனுப்ப ஏலாது, தனியா உடவும் ஏலாது. இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடி?"

லீவு என்று நான் நினைத்தது இதைத்தான். வேலைக்குப் போனால்தான் பேர் விழும், பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி என்ற நிலைமையில், எப்போது மூடுவார்களோ என்றிருந்த தோட்டத்தில், நாலு நாள் கொழுந்தெடுக்கப் போகாமல் பிள்ளைகளைக் காவல் காத்திருக்கிறார்கள். என்னிடமிருந்து.

தலைவரிடம் போய், "அண்ணா, அப்படி ஒரு ஆளே கிடையாதுங்க. உங்க போனைக் குடுங்க, காட்டறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு பேரும் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனோம். என் தளத்துக்குள் என் ரகசிய எண்ணைப் போட்டு உள்ளே போனேன். ஆசிரியர் மட்டும் பார்க்கிற பக்கம் திறந்தது. அவர் முகம் மாறியது. அவசரமாக அந்தச் செய்தியை நீக்க வேண்டியவன் என்ன செய்தேன் தெரியுமா? எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்தேன். கன்னம் வீங்கி, காலர் கிழிந்து நிற்கிறேன், விரல் தானாக அங்கேதான் போனது. தளம் ஆரம்பித்த நாளில் இருந்து அப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை.

தலைவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இத்தன பேரா?"

"ஆமாங்க." என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இத்தன ஊட்டுலயும் புள்ளைகளை உள்ள வெச்சுப் பூட்டியிருப்பாங்களா?"

செய்தியை நீக்கினேன். அவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.  பிறகு பழையபடி மரியாதை வந்துவிட்டது.

"அடிச்சது தப்புத்தானுங்க. ஆனா அடிக்கறதா இருந்தா இதுக்குத்தான் அடிச்சிருக்கோணும்."

அவர் அடிக்கவில்லை. என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், எல்லாரிடமும் நீங்களே சொல்லிடுங்க என்றார். குல்லாவைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். ஆள் கிடையாது, அடையாளம் எல்லாம் என்னுடையது, பத்தி குறைந்ததால் எழுதினேன் என்று சொன்னேன். யாரும் கை ஓங்கவில்லை. திட்டவும் இல்லை. ஓர் அம்மா பிள்ளைகளின் கையில் மிச்சம் இருந்த சாக்லேட்டுகளை எல்லாம் வாங்கி, என் துணிப்பைக்குள் போட்டுக் கொடுத்தார். நூற்று நாற்பத்தேழு அதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அன்று மாலையே மறுப்புச் செய்தி எழுதினேன். பதினோரு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் என்னைத் திட்டி எழுதினார்கள். சுவாரசியமான செய்தியைக் கெடுத்துவிட்டேனாம். கோட்டு போட்ட மனிதருக்கு விடுதலை கொடுத்துவிட்டு, தலைமை ஆசிரியர் இடத்தில் என் படத்தை, வீங்கிய கன்னம் வற்றுவதற்குள்ளேயே, குல்லாவோடு போட்டேன். ஆசிரியர் குழு ஐந்தில் இருந்து ஒன்றாக இறங்கியது. சென்னை அலுவலகம் பெர்ன்ஹில்லில் அக்கா வீட்டு மாடிக்கு வந்தது. அடுத்த ஆறு மாதம் தளத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் மறுபடியும் நானாகவே இருந்தேன். மச்சான் ஊருக்குள் 'இப்பத்திக்குச் சும்மாதான் இருக்காப்ல' என்றார்.

பிறகு மெதுவாக வளர்ந்தது. வருகிற ஃபார்வர்டை வைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கோ ஆபீஸுக்கோ போன் போட்டு, இது உண்மையா என்று கேட்டு, கேட்டதை அப்படியே எழுதுகிற பகுதிக்குத்தான் இப்போது கூட்டம். இப்போது எங்கள் ஆசிரியர் குழுவில் நிஜமாகவே மூன்று பேர் இருக்கிறோம். செய்தி ஒரு வரியில் முடிந்தால் ஒரு வரியோடு விட்டுவிடுகிறோம். விளம்பரம் நின்றுகொண்டு வரட்டும். எழுதியதைப் போடுவதற்கு முன் ஒரு தடவை உரக்கப் படிப்பேன். யூனியன் தலைவர் குரலில் படிப்பேன். கூடவே, கூட்டம் என்னைச் சுற்றி நிற்பதாக நினைத்துக்கொள்வேன். ரொம்பச் செய்திகள் அதில் நிற்பதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அன்று திரும்பி வரும் பஸ்ஸில், பிக்கட்டி தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது: என் உயிரைக் காப்பாற்றியவரின் பெயரை நான் கேட்கவில்லை. எட்டு வருஷமும் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. அடுத்த வாரம் போய் விசாரித்தேன். அந்தத் தோட்டத்திலும் வேலையைக் குறைத்துவிட்டார்கள், அந்தக் குடும்பம் கூடலூர்ப் பக்கம் போய்விட்டது என்றார்கள். இன்றைக்கும் காலையில் தளத்தைத் திறந்து, நேற்று இத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வாசகர் வரிசையில் எங்கேயோ ஒருவர் கூடையை இறக்கிவிட்டு, நான் எழுதுவதை நம்பாமல், கழுத்தைத் திருப்பி முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.